கயிற்றின் மறுபாதி

“ஒரு நிமிசம் நில்லு. இதப் பாத்துட்டுப் போ.”

அக்கா இப்படிச் சொல்லி என்னை நிறுத்தி வைத்த நேரத்தையெல்லாம் கூட்டினால் ஒரு மாத லீவு தேறும். அவருடைய ஒரு நிமிடம் என்பது குறைந்தது பத்து நிமிடம். கையில் ஒரு பழைய செய்தித்தாள் இருக்கும், ஓரமெல்லாம் ஈரமாக, செவந்தி இலை ஒட்டிக்கொண்டு. அதில் ஒரு படம். உலகத்தில் எங்கோ ஓர் ஊரில் யாரோ வரைந்தது, அல்லது ஒட்டியது, அல்லது கட்டித் தொங்கவிட்டது. அதை நம் மூக்குக்கு நேரே நீட்டிவிட்டு, படத்தைப் பார்க்காமல் நம் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். “நல்லா இருக்குக்கா” என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

“நல்லா இருக்குன்னு கொழம்பத்தான் சொல்லணும். இந்தப் படத்துக்குள்ள போனா நீ எங்க நிப்ப? அதச் சொல்லு.”

நான் எங்கே நிற்பது? லோரி நிற்கிறதே, அதற்குப் பக்கத்தில்தான் நான் நிற்க வேண்டும்!

கோலா தெர்லாவில் ஒரு சீன முதலாளியின் செவந்தித் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்த காலம் அது. பன்னிரண்டு வருடம் இருக்கும். தெலுக் இந்தானிலிருந்து புதிதாக மலையேறி வந்தவள் நான். குளிர் பிடிக்கவில்லை, மழை பிடிக்கவில்லை, சொல்லப்போனால் யாரையுமே பிடிக்கவில்லை. கட்டி முடித்த பூக்களைக் கூடைகளில் அடுக்க வைத்து, மத்தியானம் இரண்டு மணி லோரியில் ஈப்போவுக்கு ஏற்றிவிடுவது என் வேலை. அந்த வேலையைக் கெடுப்பதற்கென்றே கடவுள் அனுப்பி வைத்த ஆள் மாதிரி இந்த அக்கா இருந்தார்.

அவர் குடியிருந்தது கம்போங் ராஜா பக்கம், தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில். கணவருக்குத் தேயிலை ஆலையில் வேலை. அக்காவும் பல வருடம் கொழுந்து வெட்டியவர்தான். தோள்பட்டை வலி வந்த பிறகு கத்தரியை வைத்துவிட்டுப் பூக்கட்ட வந்தார். நாற்பத்தைந்து வயது, கட்டையான உருவம், கைலிக்கு மேலே புருசனுடைய ஸ்வெட்டர், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். இந்தக் கோலத்தில் இருக்கிற ஒருவர், இன்றைக்கு உயிரோடு இருக்கும் ஓவியர்களில் யார் பெரியவர் என்று காலை எட்டு மணிக்கே சண்டை பிடிப்பார் என்று எனக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை.

எல்லாம் அந்தப் பேப்பரால் வந்த வினை. பத்துத் தண்டு சேர்ந்தால் ஒரு கட்டு. பூத்தலை கசங்காமல் இருக்க அதைச் செய்தித்தாளில் சுற்றுவோம். முதலாளி பழைய பேப்பரைக் கட்டுக் கட்டாக வாங்கிப் போடுவார், பெரும்பாலும் சீனப் பத்திரிகைகள். ஒரு விரிப்பை நடு மடிப்பில் கிழித்தால் இரண்டு பாதி, பாதிக்கு ஒரு கட்டு. மற்ற பெண்கள் கிழிப்பார்கள், சுற்றுவார்கள், ரப்பர் போடுவார்கள். அக்கா மட்டும் கிழிப்பதற்கு முன்னால் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் ஓவியம், கண்காட்சி என்று பக்கங்கள் வரும். அவை வந்துவிட்டால் போச்சு. படத்தை ஸ்வெட்டருக்குள் செருகிக்கொண்டு ஆள் தேடக் கிளம்பிவிடுவார். தனியாகப் பார்த்து ரசிக்கவே அவருக்குத் தெரியாது. இன்னொருவர் பார்த்தால்தான் அவர் பார்த்ததாகக் கணக்கு.

சீன எழுத்து படிக்கத் தெரியாததால் ஓவியர்களுக்கெல்லாம் அவரே பெயர் வைத்திருந்தார். உடைந்த பிளாஸ்டிக் வாளிகளை அடுக்கித் தென்னை மரம் செய்தவர் வாளிக்காரர். துணியில் ஓட்டை போட்டு வெளிச்சத்தால் படம் காட்டுகிற அம்மா ஓட்டைக்காரி. பஸ்ஸில், பெஞ்சில், கடை வாசலில் தூங்குகிறவர்களை மட்டுமே வரைகிறவர் தூங்குமூஞ்சி. இவர்களைப் பற்றிப் பேசும்போது ஏதோ அடுத்த லயத்தில் குடியிருப்பவர்கள் போலவே பேசுவார்.

“வாளிக்காரரு இந்த வாட்டி ஏமாத்திட்டாருடி. சும்மா அடுக்கி வச்சிருக்காரு. மனசு இல்ல” என்று ஒரு வாரம் முழுக்க அவர்மேல் கோபமாக இருந்தது எனக்கு நினைவிருக்கிறது.

ஒரு நாள் வெறும் தலையணை ஒன்றின் படத்தை என்னிடம் நீட்டி, “நம்ம தூங்குமூஞ்சியோட புதுசு” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலையணையில் என்ன கையெழுத்தா இருக்கிறது? ஒரு பொட்டலம் நாசி லெமாக் சோறு பந்தயம் கட்டினேன். பழைய படத்தையும் புதுப் படத்தையும் முதலாளியிடம் கொண்டுபோய்க் கொடுத்து, கீழே உள்ள எழுத்தைப் படிக்கச் சொன்னோம். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டையும் படித்தார்.

“சாமா ஓராங்லா. ரெண்டும் ஒரே ஆளு” என்றார். பெயரையும் சொன்னார். அக்கா அதைக் காதிலேயே வாங்கவில்லை.

“பேரு எதுக்கு? கை தெரியுதுல்ல! தலகாணியில பள்ளத்தப் பாரு. தூங்குனவன் இப்பத்தான் எழுந்து போயிருக்கான். அவரால தூக்கத்த விட முடியாதுடி.”

நாசி லெமாக் நான் வாங்கிக் கொடுத்தேன். அதில் பாதியை எனக்கே கொடுத்துவிட்டு, சாப்பிட்டு முடிக்கும் வரை அந்தப் பள்ளத்தைப் பற்றியே பேசினார்.

இன்னொரு முறை, பெரிய மண்டபம் ஒன்றில் பிளாஸ்டிக் விரிப்பு தொங்கவிட்டு உள்ளே வரிசையாக பல்புகள் எரிகிற ஒரு படம் வந்தது. ஏதோ வெளிநாட்டுக் கண்காட்சி. அக்கா நேரே முதலாளியிடம் ஓடினார். “தவுக்கே! ஒங்க கொட்டாயப் பேப்பர்ல போட்டுட்டான்!” செவந்திக்கு பல்பு போட்டு வைத்திருக்கும் எங்கள் பூக்கொட்டாய் உண்மையில் அப்படித்தான் இருக்கும். முதலாளி படித்துப் பார்த்து, ஜனங்கள் வரிசையில் நின்று டிக்கெட் எடுத்து அதைப் பார்க்கிறார்களாம் என்றார். அன்றிலிருந்து கொட்டாய்க்குள் நுழையும் ஒவ்வொருவரிடமும் அக்கா டிக்கெட் கேட்டார். முதலாளியிடமும் கேட்டார்.

இனி என் பாவத்துக்கு வருகிறேன்.

தீபாவளிக்கு முந்தைய வாரம். பூவுக்கு அடிதடி. லோரி ஓட்டுநர் மணியம் அண்ணன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருக்கிறார். கடைசிக் கூடையில் ஒரே ஒரு கட்டுக்கு இடம் பாக்கி. அந்தக் கட்டு அக்காவின் மேசையில், சுற்றாமல் கிடக்கிறது. அவர் ஒரு பத்திரிகை விரிப்பின் இடது பக்கத்தை மட்டும் திருப்பிப் பார்த்துவிட்டு அசையாமல் நிற்கிறார். 

“ஒரு நிமிசம் நில்லு...”

“அக்கா, போதும்லா! மனுசன் கத்துறாரு!”

வலது பக்கத்தை நான் பிடித்து இழுத்தேன். இடது பக்கத்தை அவர் விடவில்லை. பேப்பர் நடுவில் கிழிந்தது. அதுவும் நேராகக் கிழியவில்லை. கீழே ஒரு நாக்கு மாதிரித் துண்டு அவர் பக்கத்திலிருந்து பிய்ந்து என் பக்கத்தோடு வந்துவிட்டது. என் கைக்கு வந்ததை நான் பார்க்கக்கூட இல்லை. மஞ்சள் செவந்திக் கட்டில் சுற்றி, ரப்பர் போட்டு, கூடையில் செருகி, லோரியைத் தட்டி அனுப்பிவிட்டேன்.

திரும்பி வந்தால் அக்கா அதே இடத்தில் நிற்கிறார். கையில் பாதிப் படம். 

சிவப்பு ரவிக்கை போட்ட ஒரு பெண், குதிகாலைச் சேற்றில் ஊன்றி, பின்னால் சாய்ந்து, கிட்டத்தட்ட உட்கார்ந்தே விட்டாள். மணிக்கட்டுத் தடிமனில் இருக்கும் ஒரு கயிற்றை இரண்டு கையாலும் இழுக்கிறாள். பல்லைக் கடித்திருக்கிறாளா, சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. கயிறு விறைப்பாக வலப்பக்கம் போய், நான் கிழித்த இடத்தில் நின்றுவிடுகிறது. முதலாளியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லலாம் என்றால், எழுத்தெல்லாம் மறுபாதியோடு போய்விட்டது.

“என்னத்தடி இழுக்குறா இவ?” என்று கேட்டார் அக்கா. திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து கொட்டாய் முழுக்க அந்தக் கயிறுதான் பேச்சு. சேற்றில் மாட்டிக்கொண்ட லோரி என்றார் மணியம் அண்ணன். பள்ளத்தில் விழுந்த ஆள் என்றார் மருந்தடிக்கிற நேபாளத்துக்காரர். காற்றில் பறக்கிற கொட்டாய்க் கூரை என்றார் முதலாளி, போன மாதம்தான் அவருக்குப் பறந்திருந்தது. அக்காவின் கணவர் கோயில் தேர் என்றார். “ஒத்தப் பொம்பளயா தேர இழுப்பா?” என்று அவரைக் கிண்டல் பண்ணியே ஒரு வாரம் ஓடியது. நான் ஆடு என்றேன். எங்கள் வீட்டில் ஆடு வளர்த்தோம், ஆட்டை இழுப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

படத்தை லயத்து வீட்டில், அடுப்படிக்குப் போகிற வழியில் ஒட்டி வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் டீ குடிக்கப் போனபோது அதன் முன்னால் நின்று சொன்னார்: “மத்த படமெல்லாம் பாத்தா சந்தோசமா இருக்கு. இவளப் பாத்தா மட்டும் மனசு அடிச்சிக்கிதுடி. தனியா இழுக்குறா பாரு. கூட ஒரு கை குடுக்க ஆளில்ல. எதுக்கு இழுக்குறான்னு தெரிஞ்சாலாவது ஆறுதலா இருக்கும்.”

நான் டீயைக் கீழே வைத்தேன். அவரைக் கண்டாலே எரிச்சல்பட்டவள்தான் நான். ஆனால் அவர் ஒன்றே ஒன்றுக்கு ஏங்கினார், அதை நான் மஞ்சள் செவந்தியில் சுற்றி ஈப்போவுக்கு அனுப்பிவிட்டேன்.

அதனால் ஒரு சீட்டு எழுதினேன். ‘கயிறு இழுக்கும் பெண்ணின் படத்துடைய மறுபாதி உங்களுக்கு வந்திருந்தால் எறிந்துவிடாதீர்கள், திருப்பி அனுப்புங்கள்.’ தமிழிலும் மலாயிலும். தினமும் ஒவ்வொரு கூடையிலும் ஒன்று. ஈப்போ பூக்கடைகளிலிருந்து காலிக் கூடைகள் திரும்பி வரும்போது அவற்றில் மறுபாதி வரவில்லை. வேறு படங்கள் வந்தன! யாரோ பத்திரிகையில் வெட்டியது, காலண்டரில் கிழித்தது. ‘உங்க அக்காகிட்ட காட்டுங்க’ என்று ஒரு வரி. அக்கா ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லி என்னை எழுத வைத்தார். ‘இது பரவாயில்லை. பூனைக்கு இவ்வளவு பெரிய கண் தேவையா என்று கேட்டதாகச் சொல்லவும்.’ நாளைக்கு ஏழெட்டுக் கடிதம். என் வேலை இரண்டு மடங்கானது.

கூகிளில் தேட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். தேடினேன். பெண், கயிறு என்று போட்டேன். கயிறு விற்கிற கடைகளாக வந்தன.

ஒரு நாள் மணியம் அண்ணன் செய்தி கொண்டுவந்தார். “ஈப்போவுல ஒரு அம்மா கடையில இந்தப் படம் மாட்டியிருக்கு. ஆனா அதுவும் இதேதான். பொம்பள ஒருத்தி கயிறு இழுக்குறா. சீட்டப் பாத்துட்டு, எங்கிட்டயும் அதே பாதிதான் இருக்குன்னு சொல்லச் சொன்னாங்க.”

அக்காவின் முகம் வாடிப்போனது. “அதே பேப்பரு அங்கயும் விப்பாங்கதானே. பாவம், அவங்களுக்கும் பாதிதான் கெடச்சிருக்கு” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டைச் சுற்ற ஆரம்பித்தார்.

இரண்டு வருடம் போனது. எனக்கு ஈப்போவில் ஒரு அலுவலகத்தில் வேலை கிடைத்து மலையிறங்கினேன். குளிர் விட்டதே என்று சந்தோஷப்பட வேண்டியவள், பஸ்ஸில் சிம்பாங் பூலாய் வரும் வரை மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தேன். அக்கா வழியனுப்பும்போதுகூட ஓட்டைக்காரியைப் பற்றித்தான் பேசினார்.

சில மாதம் கழித்து, சித்தி மகள் நிச்சயதார்த்தத்துக்கு மாலை சொல்ல ஒரு பூக்கடைக்குப் போனேன். கடைக்காரம்மா நல்ல தாட்டியான ஆள், குரல் தெருமுனை வரை கேட்கும். அவர் தலைக்கு மேலே சுவரில், அட்டையில் ஒட்டி ஆணியடித்த ஒரு படம். பெண் ஒருத்தி கயிறு இழுக்கிறாள். 

மணியம் அண்ணன் சொன்ன கடை இதுதான் என்று புரிந்தது. மாலைக்கு எத்தனை ரோஜா என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார், என் காதில் விழவில்லை. இந்தப் பெண்ணுக்கு ரவிக்கை நீலம். சாய்ந்திருப்பதும் எதிர்ப்பக்கம். கயிறு இடப்பக்கம் போகிறது. இடது ஓரத்தில், கீழே, நாக்கு மாதிரி ஒரு துண்டு நீட்டிக்கொண்டிருக்கிறது. 

அது நான் கிழித்த கிழிசல். எங்கே கண்டாலும் எனக்குத் தெரியும்.

“அலமாக்!” என்று நான் கத்தியதில் கடைக்காரம்மா கத்தரியைக் கீழே போட்டுவிட்டார்.

“என்னாமா? பல்லியா?”

“இந்தப் படம் எப்படிம்மா வந்துச்சு?”

“பூவு சுத்தி வந்த பேப்பரு. சீன எழுத்தெல்லாம் நெறைய இருந்துச்சு, வெட்டி எறிஞ்சிட்டு இவள மட்டும் ஒட்டி வச்சேன். கடைக்கு வர்றவங்க எல்லாம் இவ என்னாத்த இழுக்குறான்னு கேப்பாங்க.”

“நீங்க என்ன நெனைக்கிறீங்க?”

“மாமியா வீட்லருந்து புருசன இழுக்குறா” என்று சொல்லிவிட்டு அவரே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

என் சீட்டைத்தான் சொல்ல வேண்டும். ‘கயிறு இழுக்கும் பெண்ணின் மறுபாதி’ என்று எழுதினால், கயிறு இழுக்கும் பெண்ணை வைத்திருப்பவர் தன்னிடம் அதே பாதி இருப்பதாகத்தானே நினைப்பார்? கிழித்ததும் நான், சீட்டு எழுதிக் குழப்பியதும் நான். மணியம் அண்ணன் தினமும் இந்தப் படத்துக்குக் கீழே கூடை இறக்கியிருக்கிறார். ரவிக்கை நிறத்தை ஒரு தடவையாவது பார்த்தாரா மனுசன்!

அக்காவுக்குப் போன் போட்டு, “கெடச்சிடுச்சுக்கா” என்றேன். அவர் சொன்னார்: “என்னான்னு வாய்விட்டுச் சொன்ன, பூட்ஸ கழட்டி அடிப்பேன். நான் வந்து பாத்துக்கிறேன்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா மணியம் அண்ணனுடைய காரில் வந்து இறங்கினார். பட்டுப்புடவை, தலையில் பூ. கையில் தோட்டத்துத் தண்ணீர்க் குழாய் ஒரு துண்டு, இரண்டு முனையிலும் பிளாஸ்டிக் கட்டியிருந்தது. படம் அதற்குள். கடைக்காரம்மா மல்லிகையை ஒதுக்கி, மாலை கட்டும் மேசையைத் துடைத்துவிட்டார். அவர் அட்டையைக் கீழே வைக்க, அக்கா தன் பாதியை விரித்துப் பக்கத்தில் நகர்த்தினார். நாக்குத் துண்டு தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. கயிறு ஒன்றானது.

ஒரு கயிறு, இரண்டு முனையிலும் இரண்டு பெண்கள். ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டு, சேற்றில் வழுக்கிக்கொண்டு, வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறார்கள்.

“சிரிச்சிருக்காடி” என்றார் அக்கா. “பல்லக் கடிக்கல. சிரிச்சிக்கிட்டுத்தான் இழுத்திருக்கா. நான் ஒரு கிறுக்கி, தனியா கெடந்து கஷ்டப்படுறான்னு இத்தன வருசமா...” முந்தானையால் கண்ணைத் துடைத்தார். சிரித்தார். மறுபடியும் துடைத்தார். எனக்கும் அழுகை வந்தது, வெட்கமில்லாமல் அழுதேன்.

கடைக்காரம்மாதான் முதலில் தெளிந்தார். “என் ஆளுதான் செயிப்பா.”

“ஒங்காளு காலப் பாருங்க, வழுக்கிருச்சு.”

“ஒங்காளு உக்காந்தே உட்டாளே!”

“அது புடி. ஊனிப் புடிச்சிருக்கா. தெரியாட்டிப் பேசாதீங்க.”

அரை மணி நேரம் இதே சண்டை. மாலை வாங்க வந்தவர்களும் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். எனக்கு உள்ளூர வேறு பயம். படத்தை யார் எடுத்துக்கொள்வது? கடைக்காரம்மா தன் அட்டைமேல் வைத்த கையை எடுக்கவில்லை. “இது கடைய விட்டுப் போவாது” என்று முன்னமே சொல்லி வைத்திருந்தார். அக்காவோ அடுப்படிக்குப் போகும்போதெல்லாம் இவளைப் பார்த்துப் பழகியவர்.

அக்கா சிவப்பு ரவிக்கைக்காரியை ஒரு தடவை தடவிப் பார்த்தார். பிறகு அவளை மேசைமேல் அப்படியே, கடைக்காரம்மா பக்கமாகத் தள்ளினார்.

“இவள நீங்க வச்சுக்குங்க. இவ எனக்கு மனப்பாடம். எனக்கு அவளக் குடுங்க. நான் இன்னும் அவளச் சரியாப் பாக்கல.”

கடைக்காரம்மா அக்காவையே பார்த்தார். அட்டையிலிருந்து கையை எடுத்தார். “செரி. ஆனா பத்திரமா வச்சுக்கணும். என் பொண்ணு மாதிரி” என்றார், அந்தத் தெருமுனைக் குரல் கம்மிப்போய். அட்டை குழாய்க்குள் போகாது என்பதால் ஒரு பெரிய வாழையிலையில் சுற்றிக் கொடுத்தார்.

போன வருடம் லயத்துக்குப் போயிருந்தேன். அக்காவுக்கு முடி நரைத்திருக்கிறது, தோள் வலி அதிகமாகிப் பூக்கட்டுவதையும் விட்டுவிட்டார். பத்திரிகைகள் மட்டும் இன்னும் கொட்டாயிலிருந்து வருகின்றன. அடுப்படி வழியில் நீல ரவிக்கைக்காரி. பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் சர்க்கரை கேட்டு வந்தாள். நம்ம ஆள் விடுவாரா?

“ஒரு நிமிசம் நில்லு. இதப் பாத்துட்டுப் போ. இந்தக் கயிறு எங்க போவுது, சொல்லு?”

அந்தப் பெண் யோசித்து, “படகாக்கா?” என்றாள்.

அக்கா மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

“நீ சொல்லு கிராணியம்மா. எங்க போவுது?”

“ஈப்போவுக்குக்கா” என்றேன்.

பக்கத்து வீட்டுப் பெண் நான் கிண்டல் பண்ணுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். அக்கா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார்.

“கிழிச்சவளுக்குத்தானே தெரியும்” என்றார்.